திருப்பிக் கொடுக்காத தூக்கு

அக்கா,

இன்றிரவு கொண்டைக்கடலை ஊறப்போடப் பெரிய பாத்திரம் தேடிக் காலையிலேயே பரணில் கைவிட்டேன். முதலில் அகப்பட்டது உங்கள் தூக்குவாளி. மூடியில் உங்கள் வீட்டுக்காரரின் பெயரும் உங்கள் பெயரும் புள்ளி புள்ளியாக வெட்டிய அதே எவர்சில்வர் வாளி. வருடா வருடம் அதை மற்றச் சாமான்களுக்குப் பின்னால் தள்ளி வைப்பேன். அது எப்படியோ முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்ற செலின் பார்த்துவிட்டாள்.

"மம்மி, இது வேன் ஆன்ட்டியோட தூக்குதானே? இதுலயே ஊறப்போடேன்."

"இது பத்தாது" என்றேன்.

பத்தும். முப்பது பேருக்கான சுண்டல் ஒருமுறை இதில் வந்திருக்கிறது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் ஸ்டூலை விட்டுவிட்டு ஸ்கூலுக்குக் கிளம்பப் போய்விட்டாள். ஆமாம் அக்கா, செலின் இப்போது ஸ்கூலுக்குப் போகிறாள். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சொல்ல வேண்டியது வேறு. மூன்று வருடத்துக்கு முன்பு, ஜெபமாலை மாதத்தில், உங்கள் வீட்டுக்கு வர வேண்டிய மாதாவை நான் வராமல் செய்தேன். பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் சொல்லிவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டு, அபராதமாக ஒரு ஜெபமாலை சொல்லச் சொன்னார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. தப்பு நடந்ததே ஜெபமாலையில்தானே. அவரிடம் சொன்னதை உங்களிடம் இதுவரை சொல்லவில்லை.

நம் பழக்கமே உங்கள் வேனில் தொடங்கியதுதான். லிங்கராஜபுரத்தில் பெண் ஓட்டுகிற ஸ்கூல் வேன் அது ஒன்றுதான் இருந்திருக்கும். செலினை எல்.கே.ஜி.யில் சேர்த்த முதல் நாள் அவள் வேன் படியில் உட்கார்ந்துகொண்டு ஏற மாட்டேன் என்று ஊரைக் கூட்டினாள். நீங்கள் இறங்கி வந்து, "ஏய் குட்டி, ஹாரன் நீ அடிக்கிறியா நான் அடிக்கட்டா?" என்றீர்கள். அவ்வளவுதான், அழுகை நின்றுவிட்டது. மூன்று வருடம் கழித்து ரோஷனும் அதே ஹாரனை அடித்துவிட்டுத்தான் ஏறினான்.

அப்புறம் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்த காலம் வந்தது. நீங்கள் சும்மா இருக்கவில்லை. பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு, காய்கறியும் சீதாப்பழமும் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கிராஸ் தெருவாகப் போய் விற்றீர்கள். ஹாரன் கேட்டால் பிள்ளைகள் பால்கனிக்கு ஓடுவார்கள். "ஸ்கூல் தொறக்கட்டும், சீட்ட மாட்டிடறேன், ரெடியா இருங்க" என்று கீழிருந்து கத்துவீர்கள்.

பள்ளி திறந்தது. நீங்கள் சீட்டுகளை மாட்டினீர்கள். எல்லாப் பிள்ளைகளும் திரும்பி வந்தார்கள், என் பிள்ளைகள் இரண்டு பேரைத் தவிர.

வீட்டிலேயே படிக்கவைப்பது என்று நானும் என் வீட்டுக்காரரும் முடிவெடுத்ததை உங்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒரு வாரம் ஒளிந்து திரிந்தேன். கடைசியில் கோயில் வாசலில் பிடிபட்டேன். நீங்கள் கோபப்படவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்போ இனிமே நீதான் டீச்சரம்மாவா?" என்று கேட்டீர்கள். அன்றைக்கு வைத்த பெயர் எனக்கு ஒட்டிக்கொண்டது. காலையில் வேன் எங்கள் வீட்டைக் கடக்கும்போது வேகத்தைக் குறைப்பீர்கள். "என்னா டீச்சரம்மா, பெல் அடிச்சாச்சா? இன்னிக்கி பிரேயர் உண்டா?" வேனுக்குள் இருக்கிற பிள்ளைகள் கொல்லென்று சிரிக்கும். நானும் சிரித்துவைப்பேன். உள்ளே கொஞ்சம் சுருக்கென்று இருக்கும்.

ஆனால் அந்த முதல் வருடத்து மழைக்காலக் கடைசி இருக்கிறதே, அதை மட்டும் யார் கேட்டாலும் விட்டுக்கொடுக்க மாட்டேன். செப்டம்பரில் மாதா திருவிழாவுக்கு ஒன்பது நாளும் பிள்ளைகளை விடியற்காலைப் பூசைக்கு அழைத்துக்கொண்டு போனேன். யூனிஃபார்ம் இஸ்திரி, டிபன் பாக்ஸ், டைரியில் கையெழுத்து என்று எந்த அவசரமும் இல்லை. திரும்பி வரும் வழியில் கோயில் மதிலோரத்து மரமல்லி மரத்தடியில் உட்கார்ந்துவிடுவோம். இரவு மழையில் உதிர்ந்த பூ பாய் விரித்ததுபோல் கிடக்கும். நீளக் காம்பை ஒன்றோடொன்று பின்னினால் நூலே வேண்டாம், மாலை ஆகிவிடும். எத்தனை பூவுக்கு எத்தனை முழம் என்பது அன்றைய கணக்குப் பாடம். ஒரு மாலை மாதாவுக்கு. இன்னொரு மாலையை மூன்றாவது கிராஸ் முனையில் காத்திருந்து உங்கள் வேன் கண்ணாடியில் தொங்கவிடுவாள் செலின். "ஏசி இல்லாத குறைய தீத்துட்ட போ" என்பீர்கள் அவளிடம்.

ஆயுத பூஜைக்கு நீங்கள் வேனைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, செண்டுப்பூ சரம் போட்டு, கோயிலுக்கே ஓட்டிக்கொண்டு போய் ஃபாதரைத் தீர்த்தம் தெளிக்கச் சொல்வீர்கள். "நமக்கு ஏன்க்கா ஆயுத பூஜை?" என்று கேட்டேன். "வண்டி ஞானஸ்நானமா வாங்கியிருக்கு? அதுக்கு எல்லா பண்டிகையும் உண்டு" என்றீர்கள்.

அந்த வருடம் தசரா விடுமுறையில் எங்கள் நாலு பேரையும் வேனில் ஏற்றி, ஆனேக்கல் பக்கம் உங்கள் தங்கை வீட்டுக்குக் கூட்டிப்போனீர்கள். ராகிப் பயிர் கதிர் பிடித்து நின்றது. அதற்கடுத்த நிலம் முழுக்கச் செண்டுப்பூ, கண் கூசுகிற ஆரஞ்சு. ராகிக் கதிரின் படத்தை வரைந்து பாகம் குறிக்கும்படி நான் பிள்ளைகளிடம் நோட்டை நீட்டினேன். நீங்கள் நோட்டைப் பிடுங்கி வேன் டேஷ்போர்டில் போட்டீர்கள். "ஏம்மா, கொஞ்ச நேரம் அவங்கள சும்மா விடேன். அது ஓடிப்போகாது, ராகி." பிள்ளைகள் உங்கள் தங்கை பிள்ளைகளோடு சாயங்காலம்வரை வரப்பில் ஓடினார்கள். செலின் அவ்வளவு சத்தமாகச் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன். கேட்டதும் சந்தோஷமாக இருந்தது. வீட்டில் என்னோடு இருக்கும்போது ஏன் இப்படிச் சிரிப்பதில்லை என்ற எண்ணம் வந்தது. வந்த வேகத்திலேயே அதை அமுக்கிவிட்டேன்.

அங்கிருந்து கொண்டுவந்த பூவில்தான் அந்த வருடம் உங்கள் வீட்டில் மாதாவுக்கு மேடை ஜோடித்தோம். அக்டோபர் முழுக்க மாதா சுரூபம், நம் தெருக்களின் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்தில் வீடு வீடாகப் போகும். முப்பத்தொரு நாள், முப்பத்தொரு குடும்பம். சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு வீட்டிலிருந்து மெழுகுவர்த்தியோடும் பாட்டோடும் புறப்பட்டு அடுத்த வீடு. அங்கே ஜெபமாலை, மன்றாட்டு மாலை, பிறகு டீயும் சுண்டலும். மறுநாள் மாலைவரை மாதா அந்த வீட்டு விருந்தாளி. ஜெபமாலை மாதா திருநாள் மட்டும் எப்போதும் உங்கள் வீட்டுக்கு. உங்கள் வீட்டுக்காரர் இறந்த வருடம் பெரியவர்கள் கூடிப் பேசி உங்களுக்குக் கொடுத்த நாள் அது. பிறகு யாரும் மாற்றியதில்லை. அதனால் நீங்கள் பட்டியலைப் பார்ப்பதே கிடையாது.

அந்தப் பட்டியலை எழுதும் பொறுப்பு மறுவருடம் என்னிடம் வந்தது. நானே கேட்டு வாங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிள்ளைகளுக்கு அதையே ஒரு மாதப் பாடமாக ஆக்கினேன். சார்ட் பேப்பரில் நம் ஐந்து கிராஸையும் வரைந்து, வீட்டுக்கு வீடு எத்தனை அடி என்று காலால் அளந்து, முப்பத்தொரு கட்டம் போட்டார்கள். உங்கள் வீட்டுக் கட்டத்துக்கு வெளியே செலின் வெள்ளை நிறத்தில் ஒரு வேனும் வரைந்திருந்தாள்.

சார்ட் பாதி முடிந்திருந்த சமயத்தில்தான் அந்தக் காலை வந்தது. செலின் பால் வாங்கப் போனவள் முக்கால் மணி நேரமாகத் திரும்பவில்லை. நான் பதறிப்போய்த் தெருவுக்கு வந்தால், உங்கள் வேனிலிருந்து இறங்குகிறாள், கையில் பால் பாக்கெட்டோடு. ஸ்கூல் கேட்வரை போய்த் திரும்பியிருக்கிறாள். அதுவும் முதல் தடவை இல்லை, நாலாவது தடவை. முகமெல்லாம் மலர்ந்திருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"பொண்ணு ஆசப்பட்டிச்சும்மா. ஃப்ரெண்டுங்கள பாக்கணும்னு கேட்டிச்சு. ஒரு ரவுண்டு தானே" என்றீர்கள்.

"என்கிட்ட கேக்காம எப்படி ஏத்துவீங்க?"

"கேட்டா நீ விட்டிருப்பியா?" என்று கேட்டு, கொஞ்சம் பொறுத்து, குரலைத் தாழ்த்தினீர்கள். "ஏம்மா, நீ நல்லாத்தான் சொல்லிக்குடுக்கற. நான் இல்லன்னு சொல்லல. ஆனா அது ஏங்குது. உனக்குத் தெரியல."

நியாயமாக அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும். தெருவில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏற்கெனவே என் அம்மா முதல் அடுத்த வீட்டுக்காரி வரைக்கும் பிள்ளைகளை வீணடிக்கிறாய் என்று சொல்லிச் சொல்லி நான் புண்ணாகிக் கிடந்தேன்.

"உங்க வேன்ல ரெண்டு சீட்டு காலியாப் போச்சே, அந்த வயித்தெரிச்சல்ல பேசாதீங்க."

சொல்லிவிட்டேன். நறுக்கென்று, எல்லோர் காதிலும் விழும்படி. நீங்கள் துணியை எடுத்து முன்கண்ணாடியைத் துடைத்தீர்கள். அது சுத்தமாகத்தான் இருந்தது. பிறகு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டீர்கள்.

அடுத்த ஞாயிறு அன்பியக் கூட்டம். வேனை சர்வீஸுக்கு விட்டிருந்ததால் நீங்கள் வரவில்லை. பட்டியலைப் படித்துக்கொண்டே வந்த நான், உங்கள் நாள் வந்ததும் தலையை நிமிர்த்தாமல் சொன்னேன்: "அக்காவுக்கு உடம்பு சரியில்ல. இவ்வளவு பேர் போய் நின்னா சிரமம். அன்னைக்கு எங்க வீட்டுலயே வச்சுக்கலாம். மறுநாள் எங்க முறைதானே, எங்களுக்கு ரெண்டு நாளா இருந்துட்டுப் போகட்டும்."

பச்சைப் பொய். அன்று காலைகூட நீங்கள் கேஸ் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறியதைப் பார்த்தேன். கூட்டத்தில் எல்லோரும் ஐயோ பாவம் என்றார்கள். என்னைப் பார்த்து எவ்வளவு அக்கறை என்றார்கள். வீட்டுக்கு வந்து ரப்பரை எடுத்துச் சார்ட்டில் உங்கள் கட்டத்தை அழித்தேன். வேன் கிரேயானில் வரைந்தது, அழியவில்லை. அதன்மேல் ஒரு மரத்தை வரையச் சொன்னேன். செலின் மாட்டேன் என்றாள். நானே வரைந்தேன்.

உங்கள் நாளன்று எங்கள் வீட்டில் கூட்டம் நிரம்பி வாசல்வரை நின்றது. பிள்ளைகள் மரமல்லியால் மேடை ஜோடித்திருந்தார்கள். செலினும் ரோஷனும் மாறி மாறி ஜெபமாலையின் ஒவ்வொரு மறையுண்மையையும் பார்க்காமல் சொன்னார்கள். வந்தவர்கள் மூக்கில் விரலை வைத்தார்கள். வீட்டில் படித்தால் இப்படித்தான் இருக்கும் என்று நான் நிமிர்ந்து நின்றேன். மன்றாட்டு மாலை முடிந்து சமையலறைக்குப் போனால் மேடைமேல் இந்தத் தூக்குவாளி. மூடியில் உங்கள் பெயர். உள்ளே சுண்டல், தேங்காயும் மாங்காயும் போட்டது, இன்னும் சூடு ஆறவில்லை.

பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் என்ன செய்தேன் தெரியுமா? கப்புகளில் போட்டு எல்லோருக்கும் கொடுத்தேன். யார் செய்தது என்று சொல்லவில்லை. "சுண்டல் பிரமாதம்" என்று ஒருவர் என்னைப் பாராட்டினார். நான் சிரித்தேன்.

எல்லோரும் போன பிறகு செலின் சொன்னாள்.

"வேன் ஆன்ட்டி வந்தாங்க மம்மி. செருப்பு விட்டிருந்த இடத்துல நின்னு ஜெபம் சொன்னாங்க. உள்ள வாங்கன்னு கூப்ட்டேன். எடமில்ல குட்டி, இங்கயே நல்லா கேக்குதுன்னாங்க. கிச்சன்ல வச்சுடுன்னு இதக் குடுத்துட்டு போய்ட்டாங்க."

மறுநாளே வாளியைக் கழுவித் துடைத்து வைத்தேன். வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது, நல்லதாக எதையாவது செய்து நிரப்பிக்கொண்டு போய், அப்படியே பேச்சையும் தொடங்கிவிடலாம் என்று நினைத்தேன். ஒருநாள் அதிரசம் என்று நினைத்தேன். மாவு சரியாக வரவில்லை. ஒருநாள் மழை. ஒருநாள் ரோஷனுக்குச் சளி. உண்மை என்னவென்றால் உங்கள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

கல்லறைத் திருநாளன்று தூரத்திலிருந்து பார்த்தேன். உங்கள் வீட்டுக்காரரின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தீர்கள். கால்கள் வீங்கியிருந்தன. நடுவில் இரண்டு முறை உட்கார்ந்துவிட்டீர்கள். செலினைப் பார்த்ததும் ஹாரன் அடிப்பதுபோல் காற்றில் கையை அழுத்திக் காட்டினீர்கள். அவளும் காட்டினாள். நான் மெழுகுவர்த்தி ஏற்றுவதில் மும்முரமாக இருந்தேன்.

இரண்டு வாரத்தில் சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்று உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். என் வாய் முகூர்த்தம் என்று தலையில் அடித்துக்கொண்டேன். என் வாய்க்கு அவ்வளவு சக்தி கிடையாது என்று அவர் சமாதானம் சொன்னார். இருக்கலாம். ஆனால் நான் உடம்பு சரியில்லை என்று கதை கட்டியபோது உங்களுக்கு நிஜமாகவே உடம்பு கெட்டுக்கொண்டிருந்தது. உங்கள் பக்கத்தில் வந்து நின்று முகத்தைப் பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

அன்றைக்குத்தான் இந்த வாளி நிரம்பியது. ரசம் சாதம் குழைவாகப் பிசைந்து எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தேன். வாயில் குழாய் வைத்திருந்தார்கள். ஒரு நிமிடம் பார்க்கவிட்டார்கள். கண்ணைத் திறந்து என்னையும் என் கையில் இருந்த வாளியையும் பார்த்தீர்கள். மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் வந்தேன். வாயில் வந்தது, "சீக்கிரம் எந்திரிச்சு வாங்கக்கா, வேன் சும்மா நிக்குது." அவ்வளவுதான். நர்ஸ் போகச் சொல்லிவிட்டாள். ரசம் சாதம் வீட்டுக்கே திரும்பி வந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலத்து இரண்டாவது மெழுகுவர்த்தியை நாங்கள் ஏற்றிய வாரத்தில் நீங்கள் போய்விட்டீர்கள்.

அடக்கம் முடிந்து வீட்டைக் காலி செய்ய உங்கள் தங்கை வந்திருந்தபோது வாளியை எடுத்துக்கொண்டு போனேன். எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிடத்தான் போனேன். நான் ஆரம்பிக்கும் முன்பே அவள் பேசினாள்.

"மாதா நாளன்னிக்கி ராத்திரி அக்கா போன் பண்ணிச்சு. வெள்ளத் துணி விரிச்சு, மெழுகுவத்தி ஏத்தி, கேட்டுல நின்னுதாம். பாட்டு வேற பக்கம் போற மாதிரி கேட்டிச்சாம். அழுவுதோன்னு பயந்துட்டேன். இல்ல, சிரிக்குது. மாதா வரலன்னா என்னாடி, நான் போய் பாத்துட்டு வந்துட்டேன்னு சொல்லிச்சு."

நான் வாளியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவளிடமும் சொல்லவில்லை.

நீங்கள் சொன்னது சரிதான் அக்கா. அவள் ஏங்கிக்கொண்டுதான் இருந்தாள். போன ஜூனில் ஸ்கூலில் சேர்த்துவிட்டேன். ரோஷன் வீட்டிலேயே படிக்கிறான், அவனுக்கு அதுதான் பிடித்திருக்கிறது. நான் முழுக்கத் தோற்றுவிட்டேன் என்றும் சொல்ல முடியவில்லை. மரமல்லி பின்னிய அந்தக் காலைகள் பொய்யில்லை. இப்போதும் செப்டம்பர் வந்தால் செலின் ஸ்கூலுக்குப் போகும் முன் மரத்தடியில் ஐந்து நிமிடம் நின்று நாலு பூ பொறுக்குகிறாள். மாலையைத் தொங்கவிடத்தான் வேன் இல்லை. அவள் போகிற வேனை ஓட்டுகிறவர் ஹாரனைத் தொடவிடுவதில்லை.

உங்கள் வீட்டில் இப்போது ஒரு கன்னடக் குடும்பம் இருக்கிறது. உங்கள் நாள் இன்னும் எங்கள் வீட்டில்தான் நடக்கிறது. அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. அன்பியத்துக்குப் புதிதாக வந்தவர்கள், அது எங்கள் குடும்பத்துக்குத் தொன்றுதொட்டு வரும் உரிமை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் சொன்ன பொய் இன்றைக்கு வழக்கமாகிவிட்டது.

நாளை மாலை அந்த நாள். கடலையை உங்கள் வாளியிலேயே ஊறப்போட்டுவிட்டேன், செலின் சொன்னபடி. நாளை கூட்டம் சேர்ந்ததும், ஜெபம் தொடங்கும் முன்பு, இது யாருடைய நாள், இங்கே எப்படி வந்தது என்று எல்லோர் முன்னாலும் சொல்லப்போகிறேன். அடுத்த வருடம் இதை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று கேட்கப்போகிறேன். சொல்லும்போது குரல் நடுங்கும். நடுங்கட்டும், அன்று தெருவில் உங்களைப் பேசியபோது நடுங்கவில்லையே.

அதன் பிறகு ஜெபமாலையைச் செலின் தொடங்குவாள். நான் உள்ளே நிற்கப்போவதில்லை. வெளியே செருப்புகள் கிடக்கும் இடத்தில் நின்று சொல்லப்போகிறேன். அங்கிருந்து மாதா தெரியுமா என்று செலினிடம் கேட்டேன். அவள் ஒருமுறை நின்று பார்த்திருக்கிறாளாம். முகம் தெரியாது மம்மி, மெழுகுவர்த்தி வெளிச்சமும் உன் முதுகும்தான் தெரியும் என்றாள்.